முராமட்சுவின் முன்கை

ஜப்பானின் யாய்சு துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருக்கும் டயாலிசிஸ் கிளினிக்கில் நர்ஸ் தகாயோவின் கைவேகம் பேர்போனது. ஊசியைக் கழற்றி ரத்தம் நின்றதும், கையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் எடுத்துவிடுவாள். ‘சர்’ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். படுத்திருப்பவர் “ஆ” என்று வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பாள். மற்ற நர்சுகள் ஓரம் ஓரமாகக் கிள்ளி எடுப்பார்கள். ரோமம் ஒவ்வொன்றாகப் பிடுங்கும். அதனால், “தகாயோ-சான் எடுத்தா வலி ஒரு தடவையோட போச்சு” என்று அவளுக்காகக் கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பவர்களும் இருந்தார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு வந்த நோயாளிகள் சூரை மீன் படகில் தூண்டில் போட்டவர்கள், ஐஸ் கட்டி சுமந்தவர்கள். உப்பும் வெயிலும் ஏறிப்போன முன்கைகள். அவளுடைய அப்பாவும் படகுக்காரர்தான். அந்தத் தோல் எப்படிப்பட்டது என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். செருப்புக்கு வார் வெட்டலாம் போல இருக்கும். ஆனால் அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் அதே கட்டிலில், அதே கிளினிக்கில், தகாயோவின் கண்ணெதிரே கிழவர்களானார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்கிறவளுக்கு அது கண்ணில் படவில்லை. தலை நரைத்தது தெரிந்தது, பல்செட் வந்தது தெரிந்தது. தோல் மெலிந்தது மட்டும் தெரியவில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் படுப்பவர் முராமட்சு தொமிசாபுரோ. எண்பதைத் தாண்டியவர். ஆயுசு முழுக்க டாக்ஸி ஓட்டினவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார். அவர் வந்துவிட்டால் அந்த வரிசையில் யாரும் தூங்க முடியாது.

“தகாயோ-சான், இன்னிக்கு வண்டிய மெதுவா ஓட்டும்மா. போன தடவை நீ இழுத்த இழுப்புல என் கைக்கு லைசென்சே போயிருக்கும்.”

“பேசாம படுங்க முராமட்சு-சான். பேசினா பிரஷர் ஏறும்.”

“பேசாம இருந்தா உசிரு போயிடும். எது பரவால்ல, நீயே சொல்லு.”

அது பிப்ரவரி மாதம். மலைப்பக்கமிருந்து காய்ந்த காற்று வீசி ஊரே வறண்டு கிடந்தது. அன்று முராமட்சுவுக்கு டயாலிசிஸ் முடிந்து, ரத்தமும் நின்று, குழாயைப் பிடித்து வைத்திருந்த நீளப் பிளாஸ்திரி ஒன்றுதான் பாக்கி. தகாயோ எப்போதும்போல நுனியைப் பிடித்து இழுத்தாள்.

சத்தம் வேறு மாதிரி கேட்டது. ஈரத்துணியைக் கிழித்தாற்போல ஒரு மங்கல் சத்தம். அவள் கையிலிருந்த பிளாஸ்திரியின் அடியில், வெந்நீரில் போட்டெடுத்த தக்காளியின் தோலைப் போல மெல்லியதாக ஏதோ ஒட்டிக்கொண்டு தொங்கியது. அதன் மறுமுனை இன்னும் முராமட்சுவின் முன்கையில் இருந்தது. இடையில் சிவப்பாக ஒரு வட்டம். அதில் முதலில் ரத்தமே வரவில்லை. பிறகு பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது.

முராமட்சு குனிந்து பார்த்தார்.

“அட! இன்னிக்குச் சட்டையோட சேத்துக் கழட்டிட்டியே.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். தகாயோவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிளாஸ்திரியை விட்டால் தோல் இன்னும் கிழியுமோ, விடாவிட்டால் கிழியுமோ என்று தெரியாமல் அப்படியே பிடித்தபடி நின்றாள். “ஹமானோ-சான்” என்று கூப்பிட்டாள்.

தலைமை நர்ஸ் ஹமானோ, தகாயோவோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். ஒட்டியிருந்த இடத்தில் பசை கரைக்கும் மருந்தை விட்டுப் பிளாஸ்திரியைப் பிரித்தாள். உப்புநீரால் காயத்தைக் கழுவினாள். ஈரமாக்கிய காஸ் துணியால், சுருண்டு கிடந்த தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி அதன் இடத்துக்கே கொண்டுவந்து படியவைத்தாள். கசங்கிய மெல்லிய காகிதத்தை நீவி விரிப்பது போல இருந்தது. மேலே ஒட்டாத வலைத்துணி, அதற்கு மேல் மெத்தென்ற கட்டு. கடைசியாகக் கட்டின் மேல் பேனாவால் ஒரு அம்புக்குறி வரைந்தாள்.

“இது என்னத்துக்கு?” என்றார் முராமட்சு.

“கட்டு பிரிக்கிறவங்க இந்தப் பக்கமாத்தான் பிரிக்கணும். மாத்திப் பிரிச்சா, ஒட்டவச்ச தோல் மறுபடி கிளம்பிடும்.”

“ஒருவழிப் பாதை! சொல்லேன் அப்படி. டாக்ஸிக்காரனுக்குத் தெரியாததா?”

ஹமானோ சிரித்தாள். ஆனால் விடவில்லை. “உங்க மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லணும், முராமட்சு-சான்.”

“நானே சொல்றேன். எனக்கு வாய் இல்லையா? அவ ஃபாக்டரில வேலையா இருப்பா, போன் பண்ணிப் பயமுறுத்தாதீங்க.”

“இன்னிக்கே சொல்லணும்.”

“சத்தியமா.”

வேனில் ஏற்றிவிடத் தகாயோதான் கூடப் போனாள். சக்கர நாற்காலியிலிருந்து எழுந்தவர் அவள் காதருகே குனிந்தார்.

“பாரு, அலமாரிக் கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லிடறேன். என் மக ரிட்சுகோவுக்குக் கோவம் வந்தா மனுசி இல்ல. உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா.”

வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். தகாயோ சொல்லவில்லை. தலையைக் குனிந்து வணக்கம் வைத்தாள். வேன் கிளம்பியது. மூச்சு சீரானது போல இருந்தது. அப்படிச் சீரானதே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து பிளாஸ்திரியைத் தொட்டாலே அவள் கை நின்றுவிட்டது. நுனியைக் கிளப்புவாள்; அதற்குமேல் போகாது. “ஹமானோ-சான், என்னை எடை பாக்கிற இடத்துல போட்டுடு, இல்லைன்னா வரவேற்புல உக்கார வை” என்று கேட்டாள்.

“நீ அங்க போயிட்டா இவங்க தோலு கெட்டியாயிடுமா?” என்றாள் ஹமானோ. “நான் மட்டும் என்ன செஞ்சேன்? நீ இழுக்கிறதை இத்தனை வருசமா நின்னு வேடிக்கைதான பாத்தேன். வா, முதல்லேருந்து பாப்போம்.”

இருவரும் வேலை முடிந்ததும் உட்கார்ந்து படித்தார்கள். தேடிப் பிடித்து மென்மையான பிளாஸ்திரி வகைகளை வரவழைத்தார்கள். அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய் தகாயோ தன் புருஷனின் கையில் ஒட்டிப் பார்த்தாள். ஐஸ் ஃபாக்டரி மெஷின்காரர் அவர். டிவி முன்னால் கையை நீட்டிவிட்டுக் கவனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

“என்ன, இன்னிக்கும் உரிக்கிறியா?”

“ஆடாதீங்க.”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து உரிச்சுக்கிட்டுத்தான இருக்க.”

அவருடைய கை ரோமத்தில் பாதி போனது. ஆனால் கைக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. பிளாஸ்திரியை மேலே தூக்கி இழுக்கக் கூடாது. தோலோடு தோலாக மடித்து, பின்பக்கமாக உருட்டிக்கொண்டே போகவேண்டும். மறுகை விரல், பிரிகிற இடத்துத் தோலை அமுக்கிப் பிடித்தபடி கூடவே நகரவேண்டும். பிளாஸ்திரி தோலை விட்டு வருவதல்ல, தோல் பிளாஸ்திரியை விட்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டால் சரியாக வந்தது.

முராமட்சுவின் காயமும் ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் மனிதர் வாடிக்கொண்டு வந்தார். மூன்றாவது வாரம் அவர் படுத்திருந்த வரிசையில் அத்தனை பேரும் தூங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் தகாயோவுக்கு உறைத்தது.

“என்ன முராமட்சு-சான், வண்டி ஓடலையா?”

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வண்டி வேற பக்கம் போகுதும்மா. நான் சொன்ன பொய்யே என்னை ஏத்திக்கிட்டுப் போகுது.”

தகாயோ கேட்கக் கேட்க அவர் நடந்ததைச் சொன்னார். அலமாரியில் இடித்துக்கொண்டேன் என்று அவர் சொன்னதை ரிட்சுகோ நம்பினாள். நம்பினதுதான் வினை. அப்பாவின் சட்டைக்கையைச் சுருட்டிப் பார்த்திருக்கிறாள். இரண்டு கையிலும் அங்கங்கே ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்திருக்கிறது. கிழவர் தடுமாறித் தடுமாறி விழுகிறார், தன்னிடம் மறைக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டாள். முதலில் அடுப்பை நிறுத்தினாள். டீ போடும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போனாள். காலையில் துறைமுகம் வரைக்கும் போய்ப் பழைய டாக்ஸிக்காரர்களோடு பேசிவிட்டு வருவார்; அதையும் தடுத்தாள். இப்போது மலையடிவாரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் காலியாகிறதாம்.

“வீட்டுக்குள்ள நடந்தாக்கூட ‘அப்பா, உக்காருங்க’ங்கறா. நான் ஒரு தடவைகூட விழலைம்மா. ஆனா யாரு நம்புவா? நான்தான இடிச்சுக்கிட்டேன்னு சொன்னவன்.”

“உண்மையச் சொல்லிடலாமே.”

“சொன்னா, இந்த கிளினிக்குக்கே என்னை அனுப்ப மாட்டா. உன்னையும் விட மாட்டா.”

“திட்டட்டும்” என்றாள் தகாயோ. “நான் சொல்றேன். நான்தான சொல்லியிருக்கணும்.”

அதற்கு அவள் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. இல்லத்தில் சேர்ப்பதற்கு டாக்டர் சான்றிதழ் கேட்டு ரிட்சுகோவே அடுத்த முறை அப்பாவோடு வந்தாள். மீனை அரைத்துக் கட்டிகளாகச் செய்யும் ஃபாக்டரியில் அவளுக்கு மேற்பார்வை வேலை. அங்கிருந்து நேராக, ரப்பர் பூட்ஸை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் தகாயோ போய் நின்று, இடுப்பு மடிய வணங்கினாள்.

“ரிட்சுகோ-சான், உங்க அப்பா கைல இருந்த காயம் அலமாரில பட்டதில்ல. பிளாஸ்திரி எடுக்கிறப்ப நான் கிழிச்சது.”

ரிட்சுகோவுக்கு உடனே புரியவில்லை. “என்னது?”

தகாயோ மறுபடி சொன்னாள்; அலமாரிக் கதையை அவர் சொல்லப்போவது தெரிந்தும் தான் தடுக்கவில்லை என்பதையும் சொன்னாள். ஊதாத் திட்டுகளையும் சொன்னாள். வயதானவர்களுக்குத் தோலுக்கடியில் இருக்கும் ரத்தக்குழாயில் லேசாக எதுவும் பட்டாலே அப்படிக் கன்றிப்போகும். முராமட்சு-சானுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேறு கொடுக்கிறோம். சட்டை மாட்டும்போது, நாற்காலிக் கையில் சாயும்போதுகூட வரும். விழுந்துதான் வரவேண்டும் என்றில்லை.

“அப்பதான சொல்லியிருக்கணும்!” ரிட்சுகோ எழுந்துவிட்டாள். “அவர் மறைக்கச் சொன்னார், நீங்க மறைச்சீங்க. ரெண்டு பேரும் சேந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க, இல்ல?”

“ஆமா. மன்னிச்சுக்கங்க.”

“மன்னிக்கிறதா? நான் அந்த மனுசனை என்னவெல்லாம் சொல்லியிருக்கேன் தெரியுமா? மூணு வயசுப் பிள்ளைய மிரட்டற மாதிரி மிரட்டியிருக்கேன். குளிக்கறப்ப கதவை மூடக்கூடாதுன்னேன். எங்கப்பா... எங்கப்பா என் முன்னால தலைகுனிஞ்சு ‘சரிம்மா’ன்னாரு!”

கோபத்தில் ஆரம்பித்த குரல் பாதியிலேயே உடைந்தது. கையிலிருந்த பையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தகாயோ நிமிரவே இல்லை.

டயாலிசிஸ் கூடத்துக்குள்ளிருந்து முராமட்சுவின் குரல் வந்தது. “ரிட்சுகோ! கத்தாதே. எனக்குப் பிரஷர் ஏறி மெஷின் கத்துது பாரு!”

உண்மையாகவே மெஷின் கத்திக்கொண்டிருந்தது. ஹமானோ உள்ளே ஓடினாள்.

ரிட்சுகோ சான்றிதழ் வாங்காமலே போய்விட்டாள். போகும்போது, “வேற கிளினிக் பாத்துக்கறேன்” என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனாள். தகாயோ அன்று சாயங்காலம் வரை வேலை பார்த்தாள். கை இப்போது நிற்கவில்லை. அவள் எடுத்த பிளாஸ்திரி ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடித்தது. மறுநாள் வேலையை விட்டு நிற்கச் சொன்னாலும் நின்றுவிடலாம் என்று தோன்றியது.

ஆனால் அடுத்த முறையும் முராமட்சு அதே கட்டிலுக்குத்தான் வந்தார். கூட ரிட்சுகோவும் வந்தாள். வணக்கம் சொல்லவில்லை.

“பிளாஸ்திரி எடுக்கறப்ப நான் பக்கத்துல நின்னு பாக்கணும்” என்றாள்.

“பாருங்க. பாக்கிறதுதான் நல்லது” என்றாள் தகாயோ.

முதல் நாள் ரிட்சுகோ கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாம் முறை குனிந்து பார்த்தாள். அதற்கடுத்த முறை, “இப்படி அமுக்கிப் பிடிச்சா அவருக்கு வலிக்காதா?” என்று கேட்டாள்.

“அமுக்காட்டித்தான் வலிக்கும்” என்று முராமட்சு பதில் சொன்னார். “ரெண்டு பொம்பளைங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. இந்தப் பாக்கியம் இளவயசுல கிடைக்கலையே.”

“அப்பா!”

அதன்பிறகு பேச்சு தானாக வந்தது. வெந்நீரில் நெடுநேரம் ஊறவிடாதீர்கள், துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், ஈரம் காய்வதற்குள் களிம்பு தடவுங்கள் என்று தகாயோ சொன்னாள். களிம்பைத் தேய்க்கக் கூடாது, ரோமம் படிந்திருக்கும் போக்கிலேயே தடவிவிட வேண்டும். கைக்கு உறை போட்டால் நல்லது. நீளக் காலுறையின் நுனியை வெட்டிப் போட்டாலும் போதும். ரிட்சுகோவுக்கு அது பிடிக்கவில்லை. “காலுல போடறதை எங்கப்பா கைல மாட்டுவாரா?” என்று கேட்டாள். அடுத்த வாரம், ஃபாக்டரியில் பெண்கள் முன்கைக்குப் போட்டுக்கொள்வது போன்ற பருத்தி உறைகளை வாங்கிவந்தாள். இரண்டு முனையிலும் இருந்த எலாஸ்டிக் தோலை அறுக்கும் என்று தானே பிரித்தெடுத்துவிட்டு, தளர்வாக நாடா வைத்துத் தைத்திருந்தாள். சின்னச் சின்ன ஊதாப் பூப்போட்ட துணி.

“கன்னிப்போனது தெரியாது பாருங்க, அதே கலரு” என்றாள். அன்றுதான் அவள் தகாயோவைப் பார்த்து முதல்முதலாகச் சிரித்தாள்.

முராமட்சு பூப்போட்ட உறையோடு துறைமுகத்துக்கே போனார். பழைய டாக்ஸிக்காரர்கள் கேலி செய்தார்களாம். “பொறாமை” என்று அவர் சொன்னார். முதியோர் இல்லத்தின் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை. அடுப்பும் கெட்டிலும் திரும்பி வந்தன. ஆனால் ரிட்சுகோ சாயங்காலம் வருவதை மட்டும் விடவில்லை. களிம்பு தடவ வேண்டுமே.

மழைக்காலம் தொடங்கியபோது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அவர் கையில் செய்திருந்த ரத்தக்குழாய் இணைப்பு அடைத்துக்கொண்டது. பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். ரிட்சுகோவுக்கு நிலைகொள்ளவில்லை.

“அங்க எங்கப்பாவை யாருக்குத் தெரியும்? தெரியாதவங்க எடுத்து, உருட்டி, மேசைல போட்டு, ஒட்டி, பிச்சு...” என்று தகாயோவிடம் புலம்பினாள். “நான் சும்மா விடமாட்டேன். வாசல்லயே நின்னு சண்டை போடப்போறேன்.”

“சண்டை போடறதுக்கு முன்னால ஒரு தடவை சொல்லிப் பாருங்க” என்றாள் தகாயோ.

அங்கே நடந்ததைப் பிறகு ரிட்சுகோவே கூடத்தில் உட்கார்ந்து சொன்னாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்த நர்ஸ் வாட்டசாட்டமான ஆள். ஜூடோக்காரன் மாதிரி தோள். இவள் அப்பாவின் தோலைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். அவனோ கட்டில் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். “உங்க கிளினிக்லேருந்து சொன்னாங்க. நீங்கதான் தினமும் பாத்துக்கறீங்களாமே? எந்தப் பிளாஸ்திரி அவருக்கு ஒத்துக்குது? எந்தப் பக்கம் படுத்தா அவருக்குச் சௌகரியம்?” என்று கேட்டிருக்கிறான். இவள் மனப்பாடம் செய்துவைத்திருந்த சண்டை வசனத்தை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லியிருக்கிறாள். பிரஷர் பட்டைக்கு அடியில் துணி சுற்றினார்கள். குதிகாலுக்கும் முழங்கைக்கும் மெத்தை வைத்தார்கள். மேசைக்கு மாற்றும்போது கையைப் பிடித்து இழுக்காமல், விரிப்போடு நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

“அப்பா அந்த நாலு பேருகிட்டயும் மீட்டர் போட்டாச்சான்னு கேட்டிருக்கார்” என்றாள் ரிட்சுகோ.

எல்லாம் செய்தும், டிரிப் ஏற்றிய இடத்தில் புறங்கையில் பெரிதாக ஒரு கன்றல் வந்துவிட்டது. அதைப் பார்த்தபோது பழைய கோபம் நெஞ்சு வரைக்கும் வந்ததென்று ரிட்சுகோ ஒப்புக்கொண்டாள். அந்த ஜூடோக்காரனே முன்வந்து, “இது எங்க கைல ஆனது, ரெண்டாவது தடவை குத்த வேண்டியதாப் போச்சு” என்று சொல்லிவிட்டானாம். “சொல்லிட்டதால நான் கத்தலை” என்றாள். சொல்லிவிட்டுத் தகாயோவைப் பார்க்காமல் களிம்புக் குப்பியைத் திருகி மூடினாள்.

ஆபரேஷன் கட்டைப் பிரிக்கவேண்டிய நாள் வந்தது. டாக்டர் காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மேல்கட்டை எடுத்து வைக்கவேண்டும். ஹமானோ மற்ற கட்டில்களைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். தகாயோ ஜன்னலோரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே இன்னொரு ஸ்டூலில் ரிட்சுகோ. வெளியே மழை. மீன் ஏலம் முடிந்து வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

தகாயோ பிளாஸ்திரியின் ஓரத்தில் மருந்தைத் தொட்டுத் தொட்டு வைத்து, ஊறும்வரை காத்திருந்தாள். நுனியை மடித்தாள். ஆள்காட்டி விரலால் தோலை அமுக்கியபடி, நெல்லளவு நெல்லளவாக உருட்டிக்கொண்டே போனாள். முராமட்சு கொஞ்சநேரம் ஏதோ ஒரு சவாரிக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு மணப்பெண் தப்பான கல்யாண மண்டபத்தில் இறங்கிக்கொண்ட கதை. கதை நடுவில் நின்றது. தகாயோ திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

அவர் தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பல்செட் இறங்கி உதட்டில் உட்கார்ந்திருந்தது. கை மட்டும் அவளுடைய மடியில் கனமாக, அவளை நம்பிக் கிடந்தது.

“எழுப்பட்டுமா?” என்று ரிட்சுகோ கிசுகிசுத்தாள்.

“வேணாம். இன்னும் பாதி இருக்கு.”

ரிட்சுகோ ஸ்டூலைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப்போட்டு, அப்பாவின் முழங்கைக்கடியில் தன் உள்ளங்கையை வைத்துத் தாங்கிக்கொண்டாள். தகாயோ மருந்தை இன்னொரு தடவை தொட்டு வைத்துவிட்டு, ஊறட்டும் என்று காத்திருந்தாள்.